ரொட்டிக்கடைக்காரரின் காருக்குத் தண்ணீர்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கப்பலில் ஏறினால் தன்னால் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாய். போய்விட்டதா, இல்லை அதுவும் உன்கூடவே ஏறிக்கொண்டதா?

என் மெக்கானிக் கடைக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் ஒரு பழைய டர்போ கார் வைத்திருக்கிறாரே, அந்தக் காருக்கு. வருஷாவருஷம் மலைச்சாலையில் நடக்கிற ஏற்றப் பந்தயத்தில் ஓட்டுகிறார். வருஷாவருஷம் தன் சகலையிடம் தோற்கிறார். வேறு யாரிடம் தோற்றாலும் அவருக்குக் கவலை இல்லை. “அவன் எங்க வீட்டுக்கு வந்தா, கை நனைக்கறதுக்கு முன்னாடியே பந்தயப் பேச்ச ஆரம்பிச்சிடறான்யா. இந்தத் தடவையாவது அவன் வாய அடைக்கணும்” என்கிறார்.

வழி இருக்கிறது என்று சொன்னேன். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது காற்று சூடாகிவிடும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் நேரம் கெட்டு வெடித்து பிஸ்டனைத் தட்டும். காற்று போகிற குழாயில் தண்ணீரைப் பனிபோலப் பீய்ச்சினால் சூடு அடங்கும், அப்புறம் தைரியமாக அழுத்தத்தைக் கூட்டலாம் என்று விளக்கினேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்ஜின்ல தண்ணி படக் கூடாதுன்னுதான் ஷெட்டு போட்டு வெச்சிருக்கேன். நீ என்னடான்னா உள்ளயே ஊத்தறேங்கற.” பிறகு அவரே, “சரி, காது சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சாவியை நீட்டினார்.

ஊரில் என் பேர் இன்னும் ‘காது’தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டே கோளாறு சொல்கிறவன் என்று வாங்கிய பேர். கப்பல் இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ. தண்ணீர் பீய்ச்சுவதில் எனக்குப் பிடிபடாதது என்னென்ன என்று எழுது. போன் வேண்டாம். கடைப் போன் ஒரே கரகரப்பு. கடிதம் என்றால் படமும் வரைந்து அனுப்பலாம்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 29

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் இரண்டு துறைமுகம் தாண்டி வந்து சேர்ந்தது. முதுகுவலி பத்திரமாக இருக்கிறது. நானும் அதுவும் இப்போது பங்காளிகள் மாதிரி, பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே அறையில் இருக்கிறோம்.

படம் வரைந்திருக்கிறேன், பார். தண்ணீர் டேங்க்கை டிக்கியில் வை. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பம்ப்பே போதும். தண்ணீர் பீய்ச்சுகிற நாசில், டர்போவுக்கு அப்புறம், இன்ஜினுக்குச் சற்று முன்னால் வரட்டும். நடுவில் ஒருவழி வால்வு போட மறக்காதே. போடாவிட்டால் வண்டி சும்மா நிற்கும்போதே இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிடும். குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, உப்புப் படிந்து நாசில் அடைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரே ஊற்று.

எல்லாவற்றையும் விட முக்கியம் இது. முதலில் தண்ணீரைத் திறக்காமல் மேட்டில் ஓட்டிப் பார். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. எந்த இடத்தில் இன்ஜின் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பிக்கிறதோ அதுதான் எல்லை. அதைத் தெரிந்துகொண்டு பின்வாங்கி, அப்புறம் தண்ணீரைத் திறந்து மறுபடி ஏற்று. எல்லை தெரியாமல் ஏற்றினால் பிஸ்டன் மெழுகாக உருகிவிடும். இதை உனக்குப் போய்ச் சொல்கிறேன் பார். சின்ன வயதில் பக்கத்து வீட்டு மோட்டார் மாறிவிட்டது என்று வீட்டுக்குள் இருந்தே சத்தத்தை வைத்துச் சொன்னவன் நீ.

வேளைக்குச் சாப்பிடு. என் தம்பி மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் உன் பங்காளியும் நலமா?

நீ வரைந்தபடியே எல்லாம் பொருத்திவிட்டேன். நாசில் அருமையாகப் பீய்ச்சுகிறது. கண்ணாடிமேல் பீய்ச்சிக் காட்டினேன், ரொட்டிக்கடைக்காரர் குழந்தை மாதிரி கை தட்டினார். டேங்க்கை நிரப்புவது தன் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஆச்சரியம் கேள். தண்ணீர் இல்லாமல் மேட்டில் ஓட்டினேன். இன்ஜின் தட்டவே இல்லை. அழுத்தத்தை ஏற்றினேன், தட்டவில்லை. இன்னும் ஏற்றி, தீப்பொறி விழுகிற டைமிங்கையும் முன்னால் தள்ளினேன். அப்போதும் பட்டு மாதிரி ஓடியது. ராசியான இன்ஜின். அதனால் நான் நினைத்ததை விட நிறையவே ஏற்றி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் தண்ணீரும் இருக்கிறது. சகலை இந்தத் தடவை புகையைத்தான் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மே 2

அன்புள்ள தம்பி,

நலமே. உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ எழுதியதை நாலைந்து முறை படித்தேன். இந்த வெயிலில், சாதாரண பெட்ரோலில், அவ்வளவு அழுத்தத்தில், தண்ணீர் இல்லாமல் தட்டாத டர்போ இன்ஜினை நான் பார்த்ததில்லை. இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் நம்ப முடியவில்லை.

போன வாரம் கரையில் இறங்கியபோது நீ வேண்டாமென்று சொல்லியும் போன் செய்தேன். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் “ஆமாக்கா, ஆமாக்கா” என்றாய். அப்புறம் போனை உன் மனைவி கையில் கொடுத்துவிட்டாய். அவளிடம் பேசும்போது ஒரு கரகரப்பும் இல்லையே.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார். வெள்ளைப் பீங்கான்மேல் என்ன இருக்கிறது என்று எழுது. இன்னொன்று, ஓட்டிப் பார்த்தபோது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா? அவர்களுக்கு ஏதாவது கேட்டதா?

உனக்கு நான் அக்கா. என்னிடம் மென்று விழுங்க வேண்டியதில்லை.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய விருப்பம்.

பிளக் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கின்றன. பீங்கான்மேல் வெள்ளிப் பொடி தூவின மாதிரி கொஞ்சம் மினுமினுப்பு, அவ்வளவுதான். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் இருக்கும்போது எதற்கு இன்னொருவர்? போனில் வேலை மும்முரத்தில் பேச முடியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வரும் ஞாயிற்றுக்கிழமை மலையில் ஒத்திகை ஓட்டம். ரொட்டிக்கடைக்காரரே ஓட்டுகிறார்.

தம்பி

ஜூன் 3

தம்பி,

சுகமா என்று கேட்கக்கூட நேரமில்லை. அது வெள்ளிப் பொடி இல்லை, பிஸ்டன். உள்ளே உருகி, துளித்துளியாகப் பிளக்கில் ஒட்டியிருக்கிறது. அந்த இன்ஜின் முதல் நாளிலிருந்தே தட்டிக்கொண்டிருக்கிறது. உனக்குக் கேட்கவில்லை.

நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை கடந்துவிட்டது என்று தெரிந்தும் எழுதுகிறேன். கரையில் போன் கிடைத்தால் பேசுகிறேன். ஒத்திகை தள்ளிப்போயிருந்தால் வண்டியை எடுக்காதே. நாலு பிளக்கையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்.

அக்கா

ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. நாங்கள் உடம்புக்கு நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதம் ஒத்திகை முடிந்த பிறகுதான் வந்தது. அவர் படித்துவிட்டு மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துப் படிக்கட்டும் என்றுதான் வைத்தாரோ என்னவோ. எடுத்துப் படித்தேன்.

இன்ஜின் போய்விட்டது. நாலாவது வளைவில் படார் என்று ஒரு சத்தம், புகை, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஒரு முழ தூரத்தில் பிரேக் பிடித்தது. யாருக்கும் அடி இல்லை. ரொட்டிக்கடைக்காரர் இறங்கி முதலில் கேட்டது இதைத்தான்: “தண்ணி ஊத்துனேனா? ஐயோ, ஊத்த மறந்துட்டேனா?” உங்கள் தம்பி போய் டிக்கியைத் திறந்தார். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். வண்டியை இழுக்கக் கயிறு தேடப் போய்விட்டார்.

வண்டியை இழுத்து வந்த பிறகு டிக்கியைத் துடைத்தவள் நான். டேங்க்கில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது அண்ணி.

இப்போது ரொட்டிக்கடைக்காரர் கதையைக் கேளுங்கள். அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பேரே மறந்து போனதாம். தனக்கும் அது ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறார். மாவில் உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி போடுகிறார். போன வாரம் தெரு முழுக்க இரட்டை உப்பு ரொட்டி தின்றோம். மனிதர் வருத்தப்படுவாரே என்று யாரும் வாய் திறக்கவில்லை. கார் சாவியை எல்லாம் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டார். நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் வேலையக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்க” என்றார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர் காது விஷயம் எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். குக்கர் விசில் இவருக்குக் கேட்பதில்லை. வாசல் மணி கேட்பதில்லை. கடையில் யாராவது வண்டியைக் கொண்டுவந்தால் முன்பு போலவே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அப்புறம் ஸ்டீயரிங்கில் கை வைத்து அதிர்வைப் பார்த்து ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார். பாதி சரியாக இருக்கிறது. நான் கேட்டால் எரிந்து விழுவார் என்று கேட்கவில்லை. அதுவும் தப்புதானே?

நீங்கள் சொன்னால் கேட்பார். எனக்கு வேறு யாரும் இல்லை.

உங்கள் தம்பி மனைவி

ஜூலை 4

அன்புள்ள தம்பி,

உன் மனைவி எழுதினாள். அவள்மேல் பாயாதே. பாய வேண்டுமென்றால் என்மேல் பாய். கடல் தாண்டி வா.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். காது போனது உன் தப்பில்லை. இத்தனை வருஷம் காதைப் பிளக்கிற காற்றழுத்த ஸ்பேனரை வைத்து நட்டு கழற்றினவன், காதுக்குப் பஞ்சுகூட வைக்காதவன். எந்தக் காது தாங்கும்? இங்கே என் இன்ஜின் அறையில் காதை மூடாமல் உள்ளே வந்தால் யாராக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. உன் காதுக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் ஊரோடு சேர்ந்து நினைத்துவிட்டேன். இதை எழுதும்போது அழுகையாக வருகிறது.

ஆனால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாயே, அது வேறு. அந்த மனிதர் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். உன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் மூளையை அடகு வைக்காதே. போய்ச் சொல். உடனே சொல்.

தொழில் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய், தெரியும். அதற்கு வழி உண்டு. ஒரு செம்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி இன்ஜினோடு சேர்த்து போல்ட் போடு. மறுமுனையில் ரப்பர் குழாய் மாட்டி, காதை மூடுகிற கவசத்துக்குள் விடு. அதை உன் மனைவிக்கு மாட்டி, பக்கத்து சீட்டில் உட்கார வை. இன்ஜின் தட்டினால் தகரத்தில் மணலை அள்ளி வீசினது மாதிரி கேட்கும். கேட்டதும் அவள் கையைத் தூக்கட்டும், நீ காலை எடு. காது டாக்டரிடமும் போ.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு பாசம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பி,

நலமா? இரண்டு முறை தபால் வந்தது. எல்லாருக்கும் வந்தது, எனக்கு இல்லை. இங்கே சமையல்காரர்கூட, “என்னம்மா, உங்க தம்பிக்குக் கை சுளுக்கா?” என்று கேட்டுவிட்டார்.

திட்டியாவது எழுது.

அக்கா

செப்டம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று இந்தத் தடவை உண்மையாகவே எழுதலாம். நீ சுகமா? சமையல்காரரிடம் என் கைக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் சுளுக்கு என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. கிழித்துப் போட்டேன். உன் தம்பி மனைவி பொறுக்கி ஒட்டி வைத்தாள். ‘காது’ என்று கூப்பிட்ட ஊர் நாளைக்கு என்ன சொல்லிக் கூப்பிடும் என்றுதான் எனக்கு எந்நேரமும் யோசனை. டாக்டரிடம் போனேன். மெல்லிய சத்தங்கள் எல்லாம் போய்விட்டன, இனி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார். அதைக் கேட்டு வந்த பிறகும் ரொட்டிக்கடைக்காரரிடம் போகவில்லை. எதிரில் வந்தால் சந்துக்குள் நுழைந்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது எழுத.

போன வாரம் அவர் சம்சாரம் என் கடைக்கு வந்தார். காரை விற்றுவிடலாம், ஆள் பார்த்துச் சொல் என்றார். கூடவே ரொட்டிக்கடையையும். “அவருக்குத் தன்மேல நம்பிக்கை போயிடுச்சு. அடுப்பு முன்னாடி நிக்கவே பயப்படறார்” என்றார். அந்த அம்மா போன பிறகு கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். நேராக ரொட்டிக்கடைக்கு நடந்தேன்.

அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். “எனக்குக் காது சரியா கேக்காதுங்க. ரெண்டு மூணு வருஷமாவே. இன்ஜின் தட்டினது எனக்குக் கேக்கல. நான்தான் கண்டபடி ஏத்தி வெச்சேன். நீங்க தண்ணி ஊத்தியிருந்தீங்க. டேங்க்குல பாதிக்கு மேல இருந்துச்சு. அன்னிக்கே பாத்தேன். வேணும்னேதான் சொல்லல.”

அவர் கையிலிருந்த மாவைப் பலகையில் அறைந்தார். அப்புறம் திட்ட ஆரம்பித்தார். சாதாரணத் திட்டு இல்லை அக்கா. வாய் அசைவதைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அடுப்பு இரைச்சலில் எனக்குப் பாதிதான் விழுந்தது. பட வேண்டிய திட்டைப் பாதியோடு விடுவது நியாயம் இல்லை என்று தோன்றியது. “சரியா கேக்கலீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு, முதலிலிருந்து முழுக்கத் திட்டினார். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள்.

நடுவில் சட்டென்று நிறுத்தினார். குரல் இறங்கிவிட்டது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். “அப்ப நான் தண்ணி ஊத்தினேன்?”

“ஊத்தினீங்க.”

“நீயே பாத்தியா?”

“பாத்தேங்க. நீங்க மறக்கல.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன். உள்ளே திரும்பிச் சம்சாரத்தைக் கூப்பிட்டார். “அவ காதுலயும் விழற மாதிரி சத்தமா சொல்லு” என்றார். என் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று இப்போதெல்லாம் எனக்கே தெரிவதில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எதிர்க்கடையில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா வந்து அவர் தோளைப் பிடித்ததும், மாவுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

இன்ஜினை நானே என் செலவில் சரிசெய்து கொடுக்கிறேன் என்றேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நீ சொன்ன செம்புக் குழாயைச் செய்து வைத்திருக்கிறேன். நம் வீட்டு வண்டியில் போட்டு, உன் தம்பி மனைவியை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன். முதல் மேட்டிலேயே கையைத் தூக்கினாள். தட்டினது இன்ஜின் இல்லை, டிக்கியில் கிடந்த ஜாக்கி. ரெண்டு பேரும் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். பழகிவிடுவாள்.

அன்றைக்கு ரொட்டிக்கடையிலிருந்து கிளம்பும்போது அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “காலைல எழுந்தா மறுபடியும் சந்தேகம் வந்துடும்யா. நாளைக்கும் வந்து ஒரு தடவை சொல்லிட்டுப் போ” என்றார்.

போனேன் அக்கா. அதற்கு மறுநாளும் போனேன். இன்று காலையும் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி